மாநாட்டில் எங்கள் ஊர்

இன்று மதியம் பந்தல்குடி டீக்கடையில் நின்றபோது மச்சினன் வீடியோ காலில் வந்தான். சென்னையில் நடக்கும் சர்வதேச எரிசக்தி மாநாட்டில் பந்தல் வேலை பார்க்கிறான்.

"மச்சான், எந்தெந்த நாட்டுக் கம்பெனியோ வந்திருக்கு. ஒரு ஸ்டால்ல நம்ம ஊரை அப்படியே பொம்மையா செஞ்சு வச்சிருக்காக, பாருங்க!"

கண்மாய், அய்யனார் கோயில், எங்கள் வாசல் வேப்பமரம்கூட இருந்தது. மற்ற இடமெல்லாம் சோலார் தகடுகள்.

"ஏலே மாப்ளே, வீடெல்லாம் எங்க?"

"நானும் கேட்டேன் மச்சான். 'அது ஆளில்லாத தரிசு தம்பி'ன்னு ஸ்டால்காரரு சிரிக்கிறாரு."

உடனே மனைவிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். வீடு இருந்தது. அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"போன் அடிக்கவே இல்லையே" என்றாள்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து நண்பர்களே, உங்கள் வீடெல்லாம் இருக்கிறதா? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.