காற்றுக்கு வைத்த பொட்டு

அண்மையில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் விசாரணை நடந்தது. குற்றவாளி என் மனைவி.

வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். நான் எஸ்பியர்க் என்ற கடலோர நகரில் மினிபஸ் ஓட்டுகிறவன். உடல் இயலாதவர்களைக் காலையில் ஒரு கலைக்கூடத்துக்கு ஏற்றிப் போவேன். பின்னேரம் வீட்டில் விடுவேன். அங்கே அவர்கள் தூரிகையால் ஜப்பானிய எழுத்து எழுதுகிறார்கள். தாளைத் துணியில் ஒட்டி, மேலும் கீழும் தடி கோத்து, சுவரில் தொங்கவிடும் சுருளாக்குகிறார்கள்.

அவர்களில் ஒருவர் கிர்ஸ்டன். பிறவியிலிருந்தே கைகால் சொல்வழி கேளாது. சக்கர நாற்காலி. தூரிகையை மணிக்கட்டோடு பட்டி போட்டுக் கட்டுவார். கை துள்ளும். பார்த்துக்கொண்டே இருப்பார். அது அடங்குகிற நேரம் பார்த்து — ஒரே இழுப்பு. இந்த எழுத்தில் திருத்தம் கிடையாது. பிழைத்தால் புதுத் தாள். கடைசியில் ஒரு சிவப்பு முத்திரை. அதுதான் அவருடைய கையெழுத்து.

வசந்தத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். வந்த ஒருவர் கிர்ஸ்டனை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"நல்ல வடிவு. கை பிடிச்சு எழுதினது நீங்களோ?"

கிர்ஸ்டன் முந்திக்கொண்டார். "அவர் பஸ் ஓட்டுறவர். அதுக்கும் நான்தான் வழி சொல்றனான்."

அன்றைக்கே அவரிடம் ஒரு சுருள் வாங்கினேன். 'காற்று' என்று எழுதியது. காற்று ஓயாத எஸ்பியர்க்கில் அதைக் காசு கொடுத்து வாங்கியவன் நான் ஒருவன்தான்.

அதை எங்கே மாட்டியிருக்கிறேன் என்று பார்க்க ஆசைப்பட்டார். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சுவரைப் பார்த்தார். கோப்பி வேண்டாம் என்றார்.

"ஆர் இதில முத்திரை வைச்சது?"

பார்த்தேன். எழுத்துக்கு மேலே சந்தனம். அதன் நடுவில் வட்டமாகக் குங்குமம். நான் தினமும் பார்க்கிற சுவர்தான்... பழகிப்போன எங்கள் கண்ணுக்குப் பொட்டு தெரியாது.

மனைவி ராணி குசினியிலிருந்து வந்தார்.

"நான்தான் வைச்சனான். ஏன்?"

"இதில ஒரு கோடாவது நீங்கள் எழுதினீங்களோ?"

"இல்லை."

"பிறகேன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

"கையெழுத்தோ! வீட்டுக்குப் புதுசா ஒண்டு வந்தால் வைக்கிறதுதானே."

"எல்லாத்துக்குமோ?"

"ஓம். வாங்கோ, காட்டுறன்."

கூட்டிப்போய்க் காட்டினார். ஃப்ரிட்ஜில் பொட்டு. வோஷிங் மெஷினில் பொட்டு. ஜன்னலால் காரையும் காட்டினார். கிர்ஸ்டன் ஒன்றையும் விடாமல் பார்த்தார்.

"வோஷிங் மெஷினை நீங்கள் செய்ததெண்டு ஒருத்தரும் நினைக்க மாட்டினம்," என்றார். "என்ர எழுத்தை நினைப்பினம்."

 

உண்மைதானே? நடுங்குகிற கை ஒன்று நல்லதாக ஏதாவது செய்துவிட்டால், பக்கத்தில் நடுங்காத கை எங்கே என்று தேடுகிறோம். பாராட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நல்ல மனதோடுதான் செய்கிறோம். அதனால் திட்டவும் முடியாது.

ராணி ஈரத்துணி எடுத்தார்.

"தொடாதேங்கோ! தாள் போயிடும். கழட்டித் தாங்கோ. வேற எழுதித் தாறன்."

"அப்ப இதை?"

"கிழிப்பன்."

"ஐயோ, பொட்டு வைச்சதைக் கிழிக்கிறதோ!"

"ஏன், இப்ப அது உங்கடையோ?"

ராணி சுருளைப் பார்த்தார். கிர்ஸ்டனின் கையைப் பார்த்தார். கை துள்ளிக்கொண்டிருந்தது.

"இல்லை," என்றார். "உங்கடைதான். கிழியுங்கோ."

கழற்றிச் சுருட்டி கிர்ஸ்டனின் மடியில் வைத்தேன். அதற்குப் பிறகு கோப்பி கேட்டார். இரண்டு கப் குடித்தார்.

நேற்றுப் புதியது வந்தது. அதே 'காற்று'. முந்தியதைவிடக் கோபமான காற்று. மாட்டினேன். ராணி குங்குமச் சிமிழோடு வந்தார். நின்றார். யோசித்தார். பிறகு ஆணிக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

ஆணி அடித்தவன் நான். அதை ஒருவரும் விசாரிக்கவில்லை.