கிடாரத்து அடிப் புளியாணம்

கிண்ணியாவில் கலியாணமோ கந்தூரியோ, கிடாரம் கழுவச் சித்தி பரீதா என்கிற கைம்பெண்ணுக்குத்தான் ஆள் போகும். புருசன் காட்டுத் தடி வெட்டப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு மௌத்தான பிறகு, அவளுக்கும் மகள் ஸல்ஹாவுக்கும் சோறு போட்டது பள்ளிவாசலின் செம்புக் கிடாரங்கள்தான். ஒவ்வொன்றும் இரண்டு ஆம்பிளைகள் பிடித்துத் தூக்குகிற சாமான். அதற்குள் தலையைக் கொடுத்து, ஆற்று மணலும் பழப்புளியும் தேங்காய்ப் பொச்சும் வைத்துத் தேய்ப்பாள். உள்ளே முகம் தெரிய வேண்டும் அவளுக்கு.

முன்பு கிடாரங்களின் உட்புறத்துக்கு வருசா வருசம் ஈயம் பூசுவார்கள். இங்கிலீசுக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனதோடு, கப்பல்படைக் குசினிகளை நம்பிப் பிழைத்த ஈயக்காரனும் போய்விட்டான். பூச ஆளில்லை. பழைய ஈயம் கறுத்து அசிங்கமாய்க் கிடந்தது. கறுப்பு என்றால் சித்தி பரீதாவுக்கு ஆகாது. தேய்த்தாள், தேய்த்தாள், கடைசியில் உள்ளுக்கும் செம்பு சிவந்து பளிச்சென்று வந்துவிட்டது.

பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்கார் கலீலுர் றஹ்மான் எட்டிப் பார்த்து, "பொன்னாட்டம் கிடக்கே, பிள்ளை," என்றார். அந்தச் சொல்லை வைத்தே அவள் ஒரு மாசம் வயிறு நிரப்பினாள்.

சமையல்கார அலியார்தான் வாய் சும்மா இல்லாதவர். "தங்கச்சி, நீங்க தேய்க்கிற தேய்ப்பில கிடாரம் ஓட்டையாகிச் சோறு அடுப்புக்குள்ள விழப் போகுது."

"உங்கட சோத்துக்கு அதுதான், காக்கா, தோதான இடம்," என்று அண்ணன் முறை வைத்தே திருப்பிக் கொடுத்தாள்.

ஹிஸ்புல்லா முதலாளி வீட்டுக் கலியாணத்துக்குச் சோற்றில் ஊற்றுகிற புளி ரசம், புளியாணம், அந்தக் கிடாரத்தில்தான் கொதித்தது. சஹன் என்ற பொதுத் தட்டைச் சுற்றி இருந்தவர்கள் இறக்கின சூட்டோடு ஊற்றிச் சாப்பிட்டார்கள். இரண்டொருவருக்கு வயிறு பிரட்டியது. இறைச்சி கூடிப்போச்சு என்று சொல்லிப் போனார்கள்.

கிடாரத்து அடியில் மிஞ்சுவது கழுவுகிறவளுடைய பங்கு. அது ஊர் வழக்கம். பெண்களின் பந்தி முடிந்து, பின்னேரம் வரைக்கும் அந்தப் புளித் தண்ணீர் செம்பிலேயே கிடந்தது. சித்தி பரீதா அதைச் சட்டியில் வழித்து ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தனக்கென்று ஒரு வாய் வைக்கவில்லை. எல்லாம் மகளுக்கு.

"உம்மா, கசக்குது."

"புளி கூடிப்போச்சு. கலியாண வீட்டு ஆணம் எப்ப இனிக் கிடைக்கப் போகுது? சொட்டும் விடாமக் குடி."

பிள்ளை குடித்தது. அந்தி மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமுன் வாந்தி தொடங்கியது. பச்சையும் நீலமுமாய் வந்தது. தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு ஓடினாள். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றுகிற பாதை என்ற மிதவை அக்கரையில் நின்றது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அது வந்து சேரும்போது இருட்டிவிட்டது.

பட்டினத்து ஆசுபத்திரியில் டொக்டர் கேட்டார்: "எந்தச் சட்டியில ஆக்கின சாப்பாடு?"

"பள்ளிக் கிடாரம் ஐயா. நல்ல சுத்தம். நான்தான் கழுவினனான். கண்ணாடி மாதிரி."

"உள்ளுக்கு ஈயம் இருந்ததா?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"ஈயமில்லாத செம்பில புளி நின்றால் களிம்பு பிடிக்கும். களிம்பு விசம்," என்றார்.

ஸல்ஹா அடுத்த வெள்ளிக்கிழமையைக் காணவில்லை.

ஜனாஸா அடக்கிய பிறகு அவள் மரைக்காரின் வாசலில் போய் நின்றாள். "ஈயம் பூசாமல் இனி அதில புளி வைக்கப்படாது."

"ஊரே சாப்பிட்டதே, உன்ட பிள்ளைக்கு மட்டுமா விசம்? அல்லாஹ்ட நாட்டம் பிள்ளை. வீட்டுக்குப் போ."

அவள் கிடாரத்தைத் தொட மாட்டேன் என்றாள். தொடாவிட்டால் என்ன, ரபீக்கா என்ற இன்னொரு கைம்பெண் வந்தாள். அவளும் மணல் போட்டுத் தேய்த்தாள். நன்றாகவே பளபளத்தது.

அடுத்த கந்தூரிக்குச் சித்தி பரீதாவை யாரும் அழைக்கவில்லை. வேலியால் புகுந்து வந்தாள். ரபீக்கா அடியை வழித்துச் சட்டியில் ஊற்றி முடிய, அவளுடைய பிள்ளைகள் மூன்றும் கோப்பையோடு குந்தியிருந்தன. சித்தி பரீதா சட்டியைக் காலால் எட்டி உதைத்தாள். புளியாணம் மணலில் ஊறிப் போனது.

"உன்ட பிள்ளை போனதுக்கு என்ட பிள்ளைகளும் பட்டினி கிடக்கோணுமோ? நீ நாசமாப் போவாய்," என்று ரபீக்கா மண்ணை வாரி எறிந்தாள்.

சித்தி பரீதா தலையைக் குனியவில்லை. ரபீக்காவின் கடைக்குட்டி ஊறின இடத்தில் விரலை வைத்து நக்கப் போனது. அதன் கையைத் தட்டி, காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். அலியார் வந்து அவளைக் கையில் பிடித்து வெளியே கொண்டுபோய் விடும்வரைக்கும் மூடிக்கொண்டே நின்றாள்.