வாட்ச்பாயிண்ட் காட்டிய வரி

விழுப்புரத்தில், பிறந்த குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டர் செய்கிற சின்ன கம்பெனியில் புரோகிராம் எழுதியவர்கள் இரண்டே பேர், நானும் ஓர் இளம்பெண்ணும். பெட்டியின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் பகுதி அவளுடையது. திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். திரையும் எச்சரிக்கைச் செய்திகளும் என் பொறுப்பு.

சோதனைக்காக ஓர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பெட்டியில், நர்ஸ் வைத்த சூடு ஒருநாள் தானாக இறங்கிவிட்டது. உள்ளே குழந்தை. நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே வேறு பெட்டிக்கு மாற்றினார். முதலாளி அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். தன் வரிகளை நாலு முறை பார்த்துவிட்டதாகவும் தப்பில்லை என்றும் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவங்க பகுதியிலதான் சார் இருக்கணும்" என்றேன். ஒரு வரிகூடப் பார்க்காமல் சொன்னேன். அந்த வாரமே அவள் வேலையை விட்டுவிட்டாள்.

அவள் எழுதியதை முழுக்கத் திருத்தி எழுதினேன். பிறகும் சூடு இறங்கியது. ஓடும் புரோகிராமை நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கரில், நர்ஸ் வைத்த சூட்டைக் குறிக்கும் எண் எப்போது மாறுகிறது என்று கவனிக்கச் சொன்னேன். அது ஒவ்வொரு வரியிலும் நிறுத்திச் சரிபார்த்ததில் புரோகிராம் ஊர்ந்தது, பெட்டியின் மற்ற வேலைகள் ஒழுங்காக நடக்கவில்லை. அதனால் தப்பும் வரவேயில்லை. சிப்பிலேயே இதற்கு வசதி இருப்பதை அப்புறம்தான் படித்தேன். ஹார்டுவேர் வாட்ச்பாயிண்ட். நினைவகத்தில் ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்தால் போதும். புரோகிராம் தன் வேகத்தில் ஓடும், அந்த இடத்தில் எந்த வரி கை வைத்தாலும் சிப்பே நிறுத்திவிடும்.

குறித்துக் கொடுத்துவிட்டு, நர்ஸ் செய்வதையெல்லாம் நானும் செய்தேன். குழந்தை உடம்பில் ஒட்டும் சென்சாரைக் கழற்றியதும் புரோகிராம் நின்றது. அது நான் எழுதிய வரி.

நர்ஸுகள் சுலபமாகப் படிக்கட்டும் என்று செய்திகளைத் தமிழில் மாற்றியிருந்தேன். தமிழ் எழுத்துக்கு நினைவகத்தில் மூன்று மடங்கு இடம் வேண்டும். நான் ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய இடத்தை அப்படியே விட்டிருந்தேன். சென்சார் கழன்றதைச் சொல்லும் நீளமான செய்தி வழிந்து, பக்கத்திலிருந்த அவளுடைய எண்ணை அழித்திருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். சரிசெய்துவிட்டு அடுத்த வேலையைப் பார் என்றார். நான் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

அவள் அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். "தப்பு என்னுதும்மா" என்றேன். வாட்ச்பாயிண்ட் வைத்துப் பார்த்ததாகச் சொன்னதும், எந்த வரியில் நின்றது என்று கேட்டாள். சொன்னேன். ஜெராக்ஸ் மெஷினை அணைத்தாள்.

"எங்கப்பாகிட்ட நீங்களே வந்து சொல்றீங்களா சார்? ஊர்ல எல்லாரும் நான் ஏன் வேலய விட்டேன்னு கேட்டுக்கினே இருக்காங்க, அவருக்குப் பதில் சொல்ல முடியல."

போனோம். அவர் கரும்பு வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆவலையே?"

"இல்லைங்க."

தலையசைத்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தப்பு என்னுடையது என்று கம்பெனித் தாளில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி அவளுக்கு அனுப்பினேன். அதைக் காட்டிப் புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அவள் பதில் எழுதவில்லை.