நான் முடிஞ்சு வச்ச மண்

கடலாடிப் பக்கம் தண்ணிக்குத் துளை போடுற கைபோர் செட்டை முதல்ல வாங்கினவன் நான். பிறகு போர் லாரி. மூணு தாலுகாவுல தண்ணி பாத்துக் குடுத்திருக்கேன். எங்க தெருவுல முதல் மாடி வீடு என்னோடது. அபிராமத்துல ஒரு கல்யாண மண்டபம் கட்டினேன். மகனையும் மகளையும் வெளிநாடு அனுப்பிப் படிக்க வச்சேன். நாலாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன், துணைக்கு ஒருத்தரும் கிடையாது.

அப்ப எனக்கு எழுத்து ஓடாது. அதனால நானே ஒரு வழி வச்சிருந்தேன். போர் போடயில ஒவ்வொரு இரும்பு ராடு இறங்கினதும் மேல வாற மண்ணுல ஒரு கைப்பிடி எடுத்துத் துணியில கட்டிருவேன். ஊருக்கு ஒரு கலர்த் துணி. கட்டுற கயித்துல எத்தனை முடிச்சோ அத்தனை ராடு ஆழம். பக்கத்துத் தோட்டக்காரன் போர் கேட்டு வந்தா, முடிச்சை எண்ணிப் பாத்து உப்புத் தண்ணி எங்கன ஆரம்பிக்கும்னு சொல்லிருவேன். அப்படிச் சேந்த மண்ணு மாடி அறை முழுக்க இருந்துச்சு. பிள்ளைக படுத்திருந்த அறை அது.

வீட்டுக்காரி போனபிறகு வீட்டுல நானும் அந்த மண்ணும்தான். பிள்ளைக போன் பண்ணும். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சான்னு கேக்கும். அதுக்கு மேல ரெண்டு பக்கமும் பேச்சு வராது.

போன வருசம் ஒரு குழு வந்துச்சு. நம்ம அரசாங்க ஆளுக, ஜப்பான்காரர் ரெண்டு பேர், ஆஸ்திரேலியாவுல இருந்து ஒரு அம்மா, பேச்சை மாத்திச் சொல்ல மதுரைத் தம்பி ஒருத்தர். கரண்டு காருக்கும் காத்தாலைக்கும் வேண்டிய தாதுக்கு ஒரே நாட்டை நம்பி இருக்கக்கூடாதுன்னு இவுக நாடுக கைகோத்திருக்காம். அது நம்ம கடற்கரைக் கருமணல்ல இருக்கு, எங்கெங்க எவ்வளவு ஆழத்துலன்னு பாக்கணும். இந்தப் பக்கத்து மண்ணு யாருக்குத் தெரியும்னு கேட்டதுக்கு டீக்கடையில என் வீட்டைக் காட்டியிருக்காக.

மாடி அறையைத் திறந்ததும் அந்தம்மா வாசல்லயே நின்னுட்டாங்க. பதினோரு நாள் அங்கனயே வேலை. சமையலுக்கு ஆள் போட்டு தினமும் மீன் குழம்பு. என் வாசல்ல அத்தனை செருப்பு கிடந்து ரொம்ப வருசமாச்சு.

மூணாம் நாள் ஒரு துக்கத்துக்குப் போயிட்டுச் சாயங்காலம் வாரேன். மண்ணு பூராம் புதுப் பிளாஸ்டிக் பையில இருக்கு. துணி ஒரு ஓரமாக் குவிஞ்சு கிடக்கு, கயிறெல்லாம் கத்தரிச்ச துண்டா. அவுகளுக்கு அது வெறும் முடிச்சு. தப்பு எம்பேர்லயும் உண்டு. தொழில் ரகசியம்னு முடிச்சுக் கணக்கை நான் சொல்லவே இல்ல.

முடிச்சுதான் ஆழக் கணக்குன்னு நான் சொன்னதும் மதுரைத் தம்பி முகம் செத்துப்போச்சு. "அய்யா, ஆழம் தெரியலைன்னா இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்றாங்க. நோட்டுல எதுவும் குறிச்சிருக்கீங்களா?"

"நோட்டு நான்தாம்ப்பா. ஒவ்வொண்ணாக் கொண்டாங்க."

எட்டு நாள் உக்காந்தேன். விரல்ல தேச்சு, நாக்குல உப்புப் பாத்து, எந்தத் தோட்டம் எத்தனாவது ராடுன்னு சொல்லச் சொல்ல அந்தம்மா பைக்கு நம்பர் போட்டு எழுதிக்கிட்டாங்க. தெரியாத பையைத் தள்ளி வைக்கச் சொன்னேன், அடிச்சு விடல. ஜப்பான்காரர் ஒருத்தர் சந்தேகப்பட்டு, நான் சொன்ன பைகளையே மறுநாள் நம்பரை மறைச்சுக் கலந்து வச்சார். அதையும் சரியாச் சொன்னேன். அவர் எந்திரிச்சுக் குனிஞ்சார். நானும் குனிஞ்சேன். யாரு முதல்ல நிமிரணும்னு தெரியாம ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்னோம். பிறகு ரெண்டு இடத்துல துளை போட்டுப் பாத்தாக. நான் சொன்ன ஆழத்துலயே கருமணல் வந்துச்சு.

மண்ணு அம்புட்டையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாக. நான்தான் கொண்டுபோங்கன்னேன். இப்ப காலையில மாடிக்குப் போய்க் கதவைத் திறந்து பாத்துட்டு இறங்கி வாரேன். இருமுனாக்கூட அறை திருப்பி இருமுது.

போன மாசம் அறிக்கை வந்துச்சு. மதுரைத் தம்பி போன்லயே வாசிச்சுச் சொன்னார். நாடுக பேரு, துறைக பேரு, ஆராய்ச்சிக்காரவுக பேரு எல்லாம் இருக்கு. மண்ணு வந்த வழிக்கு ஒரே வரி. உள்ளூர்வாசி ஒருவரிடம் பெறப்பட்டதாம்.

"அம்புட்டுத்தானா தம்பி?"

"அம்புட்டுத்தான் அய்யா."

மகன்கிட்டச் சொன்னேன். விடுங்கப்பா, அதை யாரு படிக்கப்போறான்னுட்டான். நான் படிப்பேன். எழுத்துக்கூட்டியாவது படிப்பேன்.

அறிக்கை எழுதினவுகளுக்குத்தான் சொல்றேன்: உள்ளூர்வாசிக்கு இனிசியல் உண்டு, அப்பன் பேரு உண்டு. அந்த வரியை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க. மண்ணை எடுத்துக் கட்டி வச்சதும், நீங்க கயித்தை வெட்டினபிறகு ஆழம் சொன்னதும் நான்தான்னு போடுங்க. அச்சடிச்சு ஒரு பிரதி என் வீட்டுக்கு அனுப்புங்க. நான் கண்ணால பாக்கணும்.