சுண்ணாம்பு உரித்த நினைவுக்கல்

இறந்தவர்களின் பெயர்களை மீட்பதற்காக, உயிரோடிருப்பவர்களின் வலை கிழியலாமா? அந்தக் கேள்வி என்னை இன்னும் நிம்மதியாக இருக்கவிடவில்லை.

எங்கள் ஊர்க் கடற்கரையில், முதல் உலகப் போருக்குக் கப்பலேறித் திரும்பாதவர்களின் பெயர்கள் பொறித்த கல் ஒன்று நிற்கிறது. ஆண்டுதோறும் அடித்த சுண்ணாம்பு எழுத்துகளை மூடியிருந்தது. அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கக் கோரி விண்ணப்பம் எழுதினேன். பெயர்கள் தெரியும் புகைப்படம் வேண்டுமென்று, யாரையும் கேட்காமல் ஒரு மாலை முழுவதும் சுண்ணாம்பைச் சுரண்டினேன். கருங்கல் வெளிப்பட்டது.

மறுநாள் பக்கத்து வீட்டு மாமா, கிழிந்த வலையைக் கல்லடியில் கொண்டுவந்து போட்டார். அந்த வெள்ளைக் கல்லும் மாதா கோயில் கோபுரமும் கடலிலிருந்து ஒரே நேர்கோட்டில் தெரியும் இடத்தில்தான் சிறு வள்ளக்காரர்கள் வலை விடுவார்கள். கல் கண்ணில் படாததால், அவருடைய வலை கடலடிப் பாறையில் விழுந்துவிட்டது.

“ஏளா, செத்தவங்களுக்கு முகம் கழுவிவிட்ட, சரி. எங்க கண்ணை ஏன் புடுங்குன?”

“எனக்குத் தெரியாது மாமா.”

“தெரியலன்னா கேக்கணும்லா? அம்புட்டுப் படிச்சிருக்க, வாயைத் திறந்து கேக்கப் படிக்கலையே!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவர் குனிந்து, கல்லில் தம் பூட்டன் பெயரைத் தேடினார். இருந்தது. தடவிப் பார்த்துவிட்டு, வலையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்றே பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு, நானே கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். இப்போது பெயர்கள் கரைப்பக்கம் ஒரு தனிப் பலகையில் இருக்கின்றன. விண்ணப்பத்தில், கல் இன்றும் பயன்பாட்டில் உள்ளது என்று சேர்த்திருக்கிறேன்.