எல்லோரும் கண்ட தும்பி

சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை சுமந்த காலத்தில் நான் ஒரு தும்பியைக்கூடப் பார்த்ததில்லை. முன்னால் போகிறவனுடைய குதிகாலைத்தான் பார்ப்பேன். தலை நிமிர்ந்தால் மூட்டை சரிந்துவிடும். வேலை நின்ற பிறகு, உடம்பில் சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நட என்றார் டாக்டர். வீட்டிலிருந்து புஞ்சக்கரி வயல் நடக்கிற தூரம்.

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாய்க்கால் கரையில் நாலைந்து பேர் குனிந்து நின்றார்கள். எதையோ தொலைத்துவிட்டார்கள் போல என்று நானும் குனிந்து தேடினேன். அவர்கள் தும்பி பார்க்க வந்தவர்களாம். அப்படித்தான் சேர்ந்தேன்.

"பூச்சி பாக்கவா இம்புட்டுத் தூரம் போறிய?" என்று சிரித்தாள் என் மனைவி. அவள் போய்ச் சேர்ந்த பிறகு வாரத்தில் எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு கிழமைதான்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மட்டும் கண்டது கணக்கில் சேராது. இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்து "கண்டேன்" என்று சொல்ல வேண்டும். கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற டீச்சர். மலையாளிதான், ஆனால் பாறசாலைப் பக்கம் பிறந்தவர், தமிழ் பேசுவார். அவருக்கு இரண்டாவது ஆள் நான். எங்களுக்குள் சண்டை ஓயாது. வயலில் சுவாமித்தும்பி என்று ஒன்று உண்டு. ஆணுக்கு இறக்கையில் பாதி கறுப்பு, அதையொட்டி வெள்ளைப் பட்டை. பெண்ணுக்கு மஞ்சள் சாயல்.

"சுவாமித்தும்பிதான் டீச்சரே."

"போங்க அண்ணாச்சி! கண்ணை வீட்டுல வச்சிட்டா வந்தீங்க? நல்லா நோக்குங்க."

நன்றாகப் பார்ப்பேன். சில நாள் அவர் ஜெயிப்பார், சில நாள் நான். கூட வருகிற பேங்க்காரர், "கல்யாண வீட்டுல சம்மந்திங்ககூட இப்படி அடிச்சுக்க மாட்டாங்க" என்பார்.

பிறகு சர்க்கரை கண்ணில் இறங்கியது. கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். "இருக்கிற பார்வையைக் காப்பாத்தப் பாக்கலாம், போனது வராது" என்றார் டாக்டர். நான் யாரிடமும் சொல்லவில்லை. பறக்கிற விதம், உட்காருகிற விதம் இவற்றை வைத்துச் சமாளித்தேன். நான் சொல்வதெல்லாம் சரியாகவே இருந்தது. டீச்சர் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த ஓணத்துக்கு முன்னால் ஒரு நாள், புல் நுனியில் இருந்ததைக் காட்டி சுவாமித்தும்பி என்றேன். டீச்சர் "கண்டேன்" என்றார். பேங்க்காரர் அதைப் போனில் படம் பிடித்திருந்தார். வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பச்சை உடம்பு. கண்ணாடி மாதிரி இறக்கை. அதில் கறுப்பே இல்லை. டீச்சர் போனைச் சட்டென்று வாங்கிக்கொண்டார். "அது வேற படம் அண்ணாச்சி."

அந்த வாரம் முழுக்க அதையே யோசித்தேன். கண்ணைக்கூட விட்டுவிடலாம். இவர்கள் எத்தனை நாளாக இப்படிச் செய்கிறார்கள்?

அடுத்த ஞாயிறு போனேன். அவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு கோரைப் புதரைக் கம்பால் அடித்து உலுக்கினேன். நுனியைக் கையாலும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர்கள் கிட்டே வந்ததும் கை நீட்டினேன்.

"அந்தா, கோரை நுனியில. சுவாமித்தும்பி."

டீச்சர் கோரைப் பக்கம் குனிந்தார்.

"ஆமா அண்ணாச்சி," என்றார் டீச்சர். "அது தன்னே. கண்டேன்."

"நானும் கண்டேன்," என்றார் பேங்க்காரர். "நல்ல கறுப்பு."

இன்னொருவர் கண்டாலே போதும். எனக்காக இரண்டு பேர் கண்டார்கள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர்கள் மேல் கோபமும் வரவில்லை. போன மழைக்காலம் முழுக்க நான் கண்டதில் எது இருந்தது, எது இல்லை என்று இனி யாரிடம் கேட்பேன்? கேட்டால் எல்லாம் இருந்தது என்பார்கள்.

மதகில் உட்கார்ந்தேன். அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கையில் பிடித்திருந்த கம்பின் நுனியில் எதுவோ வந்து உட்கார்ந்தது. நிழல் மாதிரி ஒரு அசைவு தெரிந்தது, அவ்வளவுதான். கறுப்பா, மஞ்சளா, தெரியவில்லை.

"அண்ணாச்சி, எதாவது கிடைச்சுதா?" என்று டீச்சர் தூரத்திலிருந்து கூப்பிட்டார்.

"இல்ல டீச்சரே, ஒண்ணுமில்ல" என்றேன்.

"ஆமா, இங்கயும் ஒண்ணுமில்ல" என்றார் அவர்.