பதினெட்டுப் பெட்டிகளில் ஏறிய துரு

ஸ்க்ரூ அக்கா கம்ப்யூட்டரைக் குழாயடியில் வைத்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டித்தான் திருப்பிக் கொடுக்கிறாளாம். ஜெராக்ஸ் கடைக்காரரின் மனைவி இதைத் தையல்காரியிடம் சொல்ல, தையல்காரி பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிற சாக்கில் கண்டக்டரிடம் சொல்லிவிட்டாள். அந்தக் கண்டக்டர்தான் அக்காவின் கணவர் என்பது அவளுக்குத் தெரியாது.

மத்தியானம் சாப்பிட வந்தவர், கையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“ஏம்மா, நம்ம கடையில கம்ப்யூட்டருக்கு வெந்நீரா, பச்சத்தண்ணியா?”

“என்ன உளறல் இது?”

“குளிப்பாட்டுறியாமே. தலைக்கு ஊத்துவியா, இல்ல உடம்புக்கு மட்டுமான்னு கேட்டேன்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்த ஸ்டாப்பில் ஏறினவள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள். அது தப்பு. நுனிவரை வந்து சேர அதற்குப் பொறுமை கிடையாது.

ஒரு காலத்தில் அவள் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். டைப்ரைட்டர்களை ஓரங்கட்டி மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் வைத்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை அது படுத்துக்கொள்ளும். பழுது பார்க்கிறவர் வர நாலு நாளாகும். ஐந்தாவது தடவை அவள் பொறுமையிழந்து, சமையலறை அலமாரிக்கு வாங்கிய ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். மேலதிகாரி வாயைப் பிளந்து பார்க்க, பெட்டியைத் திறந்து தூசியை ஊதி, தளர்ந்திருந்த வயரை அழுத்தி ஓட வைத்தாள். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. கடை அப்புறம் வந்தது: வீட்டின் முன்னறை, ஒரு மேசை, இரண்டு விளக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் வஞ்சனையில்லாமல் திட்டு.

வதந்திக்கு ஒரு வேர் இருக்கத்தான் செய்தது. போன மாதம் மொட்டை மாடிக் குழாயடியில் அவள் ஒரு பெட்டியைக் கழுவினாள். வெறும் பெட்டி. உள்ளே இருந்த போர்டு, பவர் சப்ளை, வயர் எல்லாம் கீழே மேசைமேல் பத்திரமாக இருந்தன. துருவைத் தேய்க்கும்போது ஒன்றையும் உள்ளே விடக்கூடாது, உதிர்கிற இரும்புத்தூள் போர்டில் விழுந்தால் அத்தோடு கதை முடிந்தது. உப்புத்தாள் போட்டுத் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். கழுவ வேண்டும். வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். ஸ்க்ரூ துளைகளில் டேப் ஒட்டிவிட்டு பிரைமர், அது காய்ந்த பிறகு பெயின்ட். இதில் கழுவுகிற ஐந்து நிமிடத்தை மட்டும் எந்த மாடியிலிருந்தோ எவளோ பார்த்திருக்கிறாள்.

இதுவே வேறு நாளாக இருந்தால் தையல்காரியின் கடைவாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பாள். ஆனால் காலையில், அவள் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியையிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ஒரு கம்ப்யூட்டர் புகைந்து நின்றுபோயிற்று, வெளியாள் ஒருவர் திறந்து பார்த்து உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்கிறார், பதினெட்டுப் பெட்டிகளிலும் துரு, ஆகவே பராமரிப்பை வேறொருவருக்கு மாற்றுவது பற்றி இன்று நாலு மணிக்கு நிர்வாகக் கூட்டத்தில் பேசப்போகிறோம். செய்திக்குள் தண்ணீர்ப் பேச்சு எப்படி வந்தது என்று காலை முழுக்க அவளுக்குப் புரியவில்லை. இப்போது புரிந்துவிட்டது. பேச்சு அவளுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்தப் பதினெட்டும் ஒவ்வொன்றாக அவள் கையால் பாகம் பாகமாகப் பூட்டியவை. பூட்டி முடிக்க ஒரு விடுமுறை முழுவதும் போயிற்று. கழுத்து பிடித்துக்கொண்டு ஒரு வாரம் திரும்பிப் பார்க்க முடியாமல் கிடந்தாள்.

“சாப்பிட்டுட்டுப் போ,” என்றார் கணவர்.

“நீங்க சாப்பிடுங்க. இல்லன்னா குளிங்க.”

மூன்றரை தாண்டி அவள் பள்ளிக்கூட வராந்தாவில் ஏறியபோது, கம்ப்யூட்டர் ஆய்வகத்துக்குள் ஆயா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஈர மாப் ஒவ்வொரு மேசைக்கடியிலும் புகுந்து, பெட்டி வைத்திருந்த பலகையில் இடித்து, தண்ணீரை வழியவிட்டுத் திரும்பியது. பாதிப் பெட்டிகள்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டியாயிற்று. மாட்டாத ஒன்றைக் குனிந்து பார்த்தாள். அடிவிளிம்பு முழுக்கச் செம்பழுப்பாக உப்பி, தொட்ட விரலில் அப்பளம்போல் உதிர்ந்தது.

வேறொன்றையும் அவள் பார்க்கவில்லை. வராந்தாவுக்கு வந்து போனை வாயருகில் வைத்து, தலைமையாசிரியைக்குக் குரல் செய்தி பேசினாள்.

“மேடம், தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்ணால பாத்துட்டேன். உங்க ஆயா பெட்டிய நனைச்சு நனைச்சுத் தொடைக்குது. மாத்தணும்னா என்னை மாத்தாதீங்க, அவங்கள மாத்துங்க.”

ஒரு நிமிடத்தில் பதில் எழுத்தில் வந்தது: நன்றி. கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன்.

திரும்பினால், ஆயா மாப்பைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள்.

“பதினோரு வருஷமா இதே தண்ணி, இதே மாப்பு,” என்றாள். குரலில் சூடு இல்லை. “இதுக்கு முன்னாடி இருந்த பழைய பெட்டிங்களும் இதே பலகைலதான் உக்காந்திருந்துச்சு. அதுங்களுக்கு ஏன் துரு பிடிக்கல? படிச்சவங்க நீங்க, கொஞ்சம் யோசிச்சுப் பேசியிருக்கலாம்.”

“எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?”

“நான் எதுக்கு எடுக்கணும். டீச்சர் வராங்க, அவங்கள கேளுங்க.”

ஆய்வக டீச்சர், கல்லூரி முடித்து மூன்று வருடமான பெண், அக்காவைக் கண்டதும் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தாள். அக்கா பக்கத்திலிருந்த உறையைப் பிடித்து இழுத்தாள். அடியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த உறை, பலகையைக் கவ்விக்கொண்டிருந்தது, சட்டென்று வரவில்லை. உருவி எடுத்ததும் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். பெட்டியின் தகடு மூடிவைத்த பாத்திரத்தின் மூடிபோல வேர்த்திருந்தது.

அக்காவுக்குப் புரிய ஒரு கணம் போதும். ஓடிய சூடு அடங்காத பெட்டி, அடியில் ஈரப் பலகை. மேலே காற்றுப் புகாத உறை. சாயங்காலம் மூன்றரையிலிருந்து மறுநாள் காலைவரை, தினமும்.

“எந்த மடையன் சொன்னான் இப்படி மூடச் சொல்லி?”

ஆயாதான் கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரை மோவாயால் காட்டினாள். பிளாஸ்டிக் தாளுக்குள் ஒரு காகிதம். சிவப்பு மையில், டைப்பிஸ்டுக்கே உரிய நேர்கோட்டில்: வகுப்பு முடிந்த உடனே மூடிவைக்கவும். ஒரு நாள் தவறினாலும் நான் பொறுப்பல்ல. கீழே அவளுடைய கையெழுத்து.

இரண்டு வருடத்துக்கு முன் எழுதியது. பக்கத்துக் கட்டிடத்தை அப்போது இடித்துக்கொண்டிருந்தார்கள், சிமென்ட் தூசி ஜன்னல் வழியே கொட்டியது. இடித்து முடித்து, புதுக் கட்டிடத்துக்கு ஆளும் குடிவந்தாயிற்று. காகிதத்தை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை, எடுக்க மற்றவர்களுக்குத் தைரியம் வரவில்லை.

“உள்ள ஈரமா இருக்குன்னு உனக்குத் தெரியாதா? கண்ணு இல்ல?”

“தெரியும்க்கா.”

“அப்ப வாய்?”

“போன வருஷம் போன் பண்ணேன்க்கா. உறைக்குள்ள வேர்க்குது, கொஞ்ச நேரம் காய விட்டு மூடலாமான்னு கேட்டேன். ‘மூடச் சொன்னா மூடு, பெட்டியக் கழட்டுற வேலை என்னோடது, மூளையக் கசக்குற வேலை உனக்கு வேணாம்’னு சொல்லிப் போனை வெச்சுட்டீங்க. அப்புறம் ஒரு நாள்கூட மூடாம விடல. நீங்க திடீர்னு வந்து பாத்தா திட்டுவீங்கன்னு, லீவு நாள்லகூட ஆயா வந்து பாத்துட்டுப் போவாங்க.”

அக்கா வாயைத் திறந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. இருந்த ஒரே ஆளைத் திட்ட வார்த்தை போதவில்லை. போனில் அப்படிப் பேசியதே அவள் நினைவில் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. காகிதத்தைப் பிய்த்துக் கசக்கினாள், கசக்கியதும் எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“எல்லா உறையையும் கழட்டுங்க. ஜன்னலத் திற. மின்விசிறி ஓடட்டும். எவனும் எதையும் ஆன் பண்ணக் கூடாது.” அதுவும் திட்டுகிற குரலில்தான் வந்தது, வேறு குரல் அவளிடம் இல்லை. “மேடம் எங்க?”

“நிர்வாக ஆபீஸ்லக்கா, ஊருக்கு அந்தப் பக்கம். கூட்டம் அங்கதான். நாலு மணிக்குக் கதவைச் சாத்திட்டா போனைத் தொடமாட்டாங்க.”

சுவர்க் கடிகாரத்தில் நாலாக ஆறு நிமிடம் இருந்தது. அக்கா முதலில் குரல் செய்தியை அழித்தாள். அழித்தும் புண்ணியமில்லை, மேடம் கேட்டு முடித்துப் பதிலும் அனுப்பியாயிற்று. கூட்டத்தில் அவர் எழுந்து சொல்லப்போவது ஆயாவின் பெயரைத்தான். எழுத்தில் அனுப்பலாமா என்று இரண்டு வார்த்தை தட்டினாள்: தப்பு என்னுடையது. அனுப்பினாள். ஒற்றை டிக் குறி விழுந்து, போய்ச் சேராமல் அப்படியே நின்றது. எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்தாள்.

முதல் தடவை முழுக்க அடித்து நின்றது. இரண்டாவது தடவையும். ஆயா உறைகளை ஒவ்வொன்றாக உதறி ஜன்னல் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எடுத்தாங்களா?” என்றாள், திரும்பாமல்.

“எடுப்பாங்க. எடுக்காம எங்க போவாங்க.”

“என்ன சொல்லப் போறீங்க?”

“நான்தான்னு சொல்லப் போறேன். வேற என்னத்தச் சொல்ல? வேலையப் பாருங்க.”

மூன்றாவது தடவை அழுத்தினாள். நாலாக இரண்டு நிமிடம். காதோடு ஒட்டிய போனில் மணி போய்க்கொண்டே இருந்தது. ஆயா கையிலிருந்த உறையை உதறாமல் நின்றாள்.